கொதிதண்ணியில போட்ட கத்தி உறை சுருங்கிப் போச்சு, காப்பாத்தலாமோ?

உப்புவெளி_தோல்பையன்:
வணக்கம். ஆரிட்டையும் பழகாமல் வீடியோ பாத்துத்தான் தோல்வேலை செய்யிறன். கூடாரம் போடப் போகேக்க இடுப்பில கொழுவ, 4 அங்குலக் கத்திக்கு ஒரு உறை. தோல் 3 மில்லிமீற்றர் தடிப்பு. சப்பாத்துக் கடையில மிச்சத் துண்டா வாங்கினது, என்ன தோலெண்டு கடைக்காரருக்கும் தெரியாது. தைச்சு முடிச்சிட்டு, கத்தி வடிவம் படியட்டுமெண்டு அடுப்பில கொதிச்சுக்கொண்டிருந்த தண்ணியில ஒரு நிமிசம் போட்டன். எடுத்துப் பாத்தா பொரிச்ச அப்பளம் மாதிரி மடங்கி, கல்லு மாதிரி இறுகிப் போச்சு. கத்தி பாதிக்கு மேல இறங்குதில்லை.

அதே பானையில ஒரு மான்கொம்புத் துண்டையும் போட்டனான். வளைச்சு, உறை வாய்க்குக் கொளுக்கி செய்யலாமெண்டு. அது கொஞ்சமும் வளையேல்லை. என்ன பிழை விட்டன்?

கடற்காகம்:
தம்பி, போட முதல் தோலின்ர வெட்டுமுகம் என்ன நிறம்? தண்ணி பட்டவுடன உறிஞ்சி கறுத்ததோ, இல்லை துளி துளியா உருண்டதோ?

உப்புவெளி_தோல்பையன்:
உள்ளுக்கும் வெளிக்கும் மண்ணிறம்தான் அண்ணை. தண்ணி உடனே உறிஞ்சிச்சு.

கடற்காகம்:
அப்ப நல்ல தோலைத்தான் கெடுத்திருக்கிறாய். ஆவாரம்பட்டை, கடுக்காய் மாதிரிச் சரக்குகளால பதனிட்ட தோல் 70 பாகை செல்சியஸ் சொச்சத்திலேயே சுருங்கத் தொடங்கும். குரோமிய உப்பில பதனிட்டதெண்டா நல்லாப் பதனிட்டது கொதிதண்ணியையும் தாங்கும். பதனிடுற இடங்களில தோல் சரியா வந்திட்டுதோ எண்டு பாக்கிறதுக்கே கொதிக்க வைக்கிறவை. ஆக, நீ தெரியாமல் ஒரு சோதனை செய்திருக்கிறாய். சுருங்கினது திரும்பாது, இழுக்க வெடிக்கும்.

ஆனா வடிவம் பிடிக்கிறது இந்தப் பட்டைத் தோலில மட்டும்தான். அதால மிச்சத்தை எறியாதை. அடுத்ததுக்குக் கையால தொடக்கூடிய பச்சைத்தண்ணி போதும். குமிழி வாறது நிக்கும் மட்டும் நனை, கத்தியை ஷொப்பிங் பையில சுத்தி உள்ளுக்கு விட்டு விரலால அமத்து. நிழலில ஒண்டு ரெண்டு நாள் காயட்டும். எங்கட வெயிலில வைச்சியெண்டா அதுவும் ஒரு அடுப்புத்தான்.

தையல் எப்பிடி? கத்தியின்ர வெட்டுற பக்கம் ரெண்டு தோலுக்கும் நடுவில ஒரு தோல் கீலம் வைச்சனியோ? வைக்காட்டி அலகு நூலை அறுத்துப் போடும். ரெண்டு ஊசி, ஒரு நூல், ரெண்டு பக்கத்தாலும் ஒரே ஓட்டையால. நூல் தையலின்ர நீளத்தைப் போல நாலு மடங்கு எடு. தேன்மெழுகு தடவு. தேங்காயெண்ணெய் வேண்டாம், தோல் தளந்து போகும், மாரியில பூஞ்சணமும் பிடிக்கும்.

கொட்டியாரத்தான்:
கொம்பைப் பற்றி நான் சொல்றன். மான்கொம்பு எலும்பு, வருசா வருசம் விழுந்து முளைக்கிறது. எவ்வளவு அவிச்சாலும் வளையாது, வாள் போட்டு அறுத்துத்தான் எடுக்கோணும். மாட்டுக்கொம்பு, எருமைக்கொம்பு நகம் மாதிரிப் பொருள், சூட்டுக்கு இளகும். நீ பாத்த வீடியோவில அதுதான் இருந்திருக்கும். மூதூர், கிண்ணியாப் பக்கம் தயிருக்கு எருமை வளக்கிறவையைக் கேட்டுப் பார்.

அதுசரி, அந்தத் துண்டு எங்காலை? திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள்ள பொறுக்கினதெண்டு மட்டும் சொல்லிப்போடாதை.

உப்புவெளி_தோல்பையன்:
கோட்டைக்குள்ளால கோணேசர் கோயிலுக்குப் போற வழியில... அங்க மான் சும்மா திரியுதுதானே அண்ணை. விழுந்து கிடந்தது.

கொட்டியாரத்தான்:
திரியட்டும். புள்ளிமான் பாதுகாக்கப்பட்ட மிருகம், 1937ஆம் ஆண்டிலயிருந்து இதுக்கெண்டு கட்டளைச் சட்டம் இருக்கு. "விழுந்து கிடந்தது" எண்டு நீ சொல்றதை ஆர் நம்புறது? வனஜீவராசிகள் திணைக்களத்தில கேளாமல் அதில கத்தி வைக்காதை. கொளுக்கிக்குச் சிரட்டையே காணும், அரத்தால தேச்சுப் பார், கொம்பை விட மினுங்கும். ஆனா எதைத் தேய்க்கேக்கயும் மூக்கைக் கட்டு, தூசு நெஞ்சுக்குக் கூடாது.

உப்புவெளி_தோல்பையன்:
கொம்பைப் பற்றித் திணைக்களத்தில நாளைக்குக் கேக்கிறன். பச்சைத்தண்ணியில புது உறை போட்டு, இண்டைக்கு ரெண்டாம் நாள், இன்னும் ஈரம் இருக்கு. கீலம் வைச்சன். சிரட்டைக் கொளுக்கி முதலாவது ஓட்டை போடேக்க பிளந்திட்டுது, ரெண்டாவது சரி. பழைய உறை இப்ப மேசைக்காலுக்கு அண்டை.