ஜெனோவா துறைமுகத்தில் சந்தித்த பெரியவர்

இத்தாலி போகிறவர்கள் பெரும்பாலும் ரோம், வெனிஸ் என்றுதான் திட்டம் போடுகிறார்கள். ஜெனோவாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்த 500ஆம் ஆண்டையொட்டி 1992இல் இங்கே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. இந்த ஊரிலேயே பிறந்த கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ அதற்காகப் பழைய துறைமுகத்தைச் சீரமைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது, பழைய பருத்திக் கிடங்கை இடிக்காமல் விட்டதுதான். நீளமான அந்தக் கட்டடத்தில் இன்று சினிமா, குழந்தைகள் நூலகம், மாநாட்டு அரங்கம் எல்லாம் இருக்கின்றன.

அதன் எதிரே ஒரு பெரியவர் பேத்தியோடு உட்கார்ந்திருந்தார். இதே துறைமுகத்தில் மூட்டை தூக்கியவராம். பேத்தி ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கேட்டேன். "அப்போதெல்லாம் இங்கே சுங்க வேலி. வேலைக்கு வந்ததால் நான் உள்ளே பார்த்தேன். என் மனைவி இந்த ஊரிலேயே பிறந்தவள், அவள் பார்த்ததில்லை" என்றார். அந்த வேலியை எடுத்ததுதான் பியானோ செய்ததிலேயே பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஊருக்கும் கடலுக்கும் நடுவே 1965இல் திறந்த மேம்பாலச் சாலை இன்னும் நிற்கிறது. அதையும் எடுத்துவிட்டால் நன்றாக இருக்கும் என்றேன். பெரியவர் ஒத்துக்கொள்ளவில்லை. காரில் அதன்மேல் போனால் துறைமுகம் முழுக்கத் தெரியும், கலங்கரை விளக்கமும் தெரியும் என்றார்.

பக்கத்திலேயே 1260இல் கட்டிய சான் ஜோர்ஜோ மாளிகை. 1298 வாக்கில் ஜெனோவாவில் கைதியாக இருந்த மார்க்கோ போலோ, தன் பயணக் கதையைச் சொன்னது இங்கேதான் என்பார்கள். நம் காயல் துறைமுகமும் பாண்டிய நாட்டு முத்துக்குளிப்பும் அந்தக் கதையில் வருகின்றன. அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்காமல் வர முடியவில்லை.

அப்புறம், சாலையைக் கடந்து சோட்டோரிபா என்ற வளைவுக் கூரை நடைபாதைக்குள் போய் ஃபரினாட்டா சாப்பிடுங்கள். கடலை மாவும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து அடுப்பில் சுடுவது, சைவம்தான். அதற்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் ஏழைகளும் குடியேறிகளும் நிறைய. பல வீடுகள் பழுதாகிக் கிடக்கின்றன. கரைக்குச் செலவழித்த அக்கறை இங்கேயும் வர வேண்டும்.

மீன் காட்சியகத்தில் கூட்டம் அதிகம். நேரம் குறைவென்றால் அதை விட்டுவிட்டு கலாத்தா கடல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறிய இத்தாலியர்களின் கதையை அங்கே விரிவாகக் காட்டுகிறார்கள்.