காலையில் மணல் தூவிய படம், இரவில் தெளிவு: எக்ஸ்ரே குழாய் போய்விட்டதா?

பேர்ணாம்பட்டு டெக்னீஷியன் (திங்கள், பகல் 1.10)

வணக்கம். பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு சின்ன எக்ஸ்ரே நிலையத்தில் நான் ஒருவன்தான் டெக்னீஷியன். இயந்திரம் பழைய 100 எம்.ஏ. (குழாய் மின்னோட்டம், மில்லி ஆம்பியரில்), ஒற்றை ஃபேஸ். ஃபிலிம் கழுவுவதை விட்டு, படத்தைக் கணினியில் காட்டும் சி.ஆர். கேசட்டுக்கு மாறி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து ஒரு தொல்லை. காலை பத்து மணிக்கு மேல் எடுக்கும் இடுப்பு முதுகெலும்புப் படங்களில் மணலை அள்ளித் தூவியதுபோல் புள்ளிகள். கடைசி எலும்பின் விளிம்பு அந்த மணலுக்குள் கரைந்துபோகிறது. அதே 75 கே.வி. (குழாய்க்குப் போகும் மின்னழுத்தம்), அதே 40 எம்.ஏ.எஸ். (மின்னோட்டமும் நேரமும் பெருக்கியது). இரவு எட்டு மணிக்கு மேல் எடுத்தால் பரவாயில்லை. கை, விரல் படங்களில் வித்தியாசமே தெரியவில்லை.

கேசட்டைப் படிக்கும் எங்கள் ரீடர் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண் காட்டும்; கதிர் குறையக் குறைய அந்த எண் ஏறும். வழக்கமாக 200 காட்டும் இடத்தில் இப்போது காலையில் 450, 500 என்கிறது. 86 கே.வி.க்கு ஏற்றிப் பார்த்தேன். புள்ளி குறைந்தது, ஆனால் படம் முழுக்கச் சாம்பல் பூசினாற்போல் ஆகிவிட்டது. "என்னப்பா, ஏலகிரி மூடுபனியில் எடுத்தாயா?" என்று கேட்கிறார் டாக்டர். புதுக் குழாய் வாங்க வேண்டும் என்று சொன்னால் முதலாளி முதலில் என்னைத்தான் விற்பார். உதவுங்கள்.

ஆரணிக்காரன் (திங்கள், 2.05)

சுலபமான வழி இருக்கிறது. குழாயின் வாய்க்கும், கற்றையின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கொலிமேட்டருக்கும் நடுவில் அலுமினியத் தகடு ஒன்று இருக்கும். அதைக் கழற்றிவிடுங்கள். கதிர் நன்றாகக் கூடும்.

காட்பாடி பெரியவர் (திங்கள், 4.30)

தம்பி, தயவுசெய்து அந்தத் தகட்டைத் தொடாதீர்கள்.

கதிர் கூடும் என்று ஆரணி நண்பர் சொல்வது பொய்யில்லை. எந்தக் கதிர் கூடும் என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. குழாயிலிருந்து வரும் கற்றையில் வலுவில்லாத கதிர்களும் நிறைய உண்டு. அவை நோயாளியின் தோலோடும் அதற்குக் கீழே சில சென்டிமீட்டரோடும் நின்றுவிடும். கேசட்டை எட்டிப் பார்க்கவே மாட்டா. அவற்றைத் தடுக்கத்தான் அந்தத் தகடு. 70 கே.வி.க்கு மேல் இயங்கும் இயந்திரத்தில் மொத்த வடிகட்டல் 2.5 மி.மீ. அலுமினியத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள். கழற்றினால் நோயாளிக்கு வீண் கதிர்தான் மிச்சம், படத்துக்கு லாபமில்லை.

கற்றையில் எத்தனை கதிர் என்பது ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஊடுருவும் வலு என்பது வேறொன்று. எம்.ஏ.எஸ். முதலாவதை மட்டும் மாற்றும்: இரட்டித்தால் கதிரும் இரட்டிக்கும், வலு அப்படியே இருக்கும். கே.வி. இரண்டையும் மாற்றும். எண்ணிக்கை ஏறக்குறைய கே.வி.யின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும், வலுவும் கூடும். கே.வி.யை 15 சதவீதம் ஏற்றினால் கேசட்டுக்கு வந்துசேரும் கதிர், எம்.ஏ.எஸ்.ஸை இரட்டித்த அளவுக்கு ஆகும் என்று பழைய விதி ஒன்று உண்டு. நீங்கள் 75-ஐ 86 ஆக்கியது அச்சாக அந்தக் கணக்கு. புள்ளி குறைந்தது அதனால்தான். எலும்புக்கும் சதைக்கும் இடையிலான வேறுபாடு குறைந்து, சிதறல் கதிரும் கூடிச் சாம்பல் பூசியதும் அதனால்தான்.

குறைந்தது எது என்று தெரியாமல் எதையும் ஏற்றாதீர்கள். சி.ஆர். வந்தபோது நோயாளிக்குப் பதிலாகத் தண்ணீர் கேன் வைத்துப் படம் எடுத்துப் பார்த்த எண் எங்காவது எழுதியிருக்கிறதா? இருந்தால் அதே கேன், அதே அளவுகள். காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. இரண்டு வேளையும் மல்டிமீட்டரில் மின்னழுத்தத்தையும் பாருங்கள்.

பேர்ணாம்பட்டு டெக்னீஷியன் (செவ்வாய், இரவு 9.15)

ஐயா, பொறியாளர் சுவரில் பென்சிலால் எழுதிவைத்த எண் கிடைத்தது: 200. இன்று காலை 10.15-க்கு 198 வோல்ட், எண் 480. இரவு 8.30-க்கு 230 வோல்ட், எண் 250. பக்கத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலையில் டிரம்கள் ஒன்பது மணிக்குச் சுற்றத் தொடங்குகின்றன. பேனலில் வோல்டேஜ் முள் காலையில் சிவப்புக் கோட்டுக்குக் கீழேதான் நிற்கிறது. நான் அதைக் கவனித்ததே இல்லை, வெட்கமாக இருக்கிறது.

காட்பாடி பெரியவர் (செவ்வாய், 10.00)

பாதி விடை கிடைத்துவிட்டது. 230-க்குப் பதில் 198 வந்தால் பேனல் 75 என்று காட்டினாலும் குழாய்க்குப் போவது 64, 65 கே.வி.தான். எண்ணிக்கையில் கால்பங்கு அங்கேயே போயிற்று. வலு குறைந்ததால் தண்ணீரைத் தாண்டி வருவது இன்னும் குறைவு. குழாய்க்குள் எலக்ட்ரான் உமிழும் இழையின் சூடும் சற்றுக் குறைந்தால் எம்.ஏ.வும் சரியும். கை விரல் மெல்லியது, அதில் தெரியாது, இடுப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். ஒவ்வொரு படத்துக்கும் முன் அதைத் திருப்பி முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 75-க்கே திரும்புங்கள்.

இரவில் முழு மின்னழுத்தம் இருந்தும் 250 காட்டுவதுதான் இடிக்கிறது. குழாய்க்கு வயதானால் டங்ஸ்டன் ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறம் படியும், எலக்ட்ரான் மோதும் ஆனோடின் முகம் சொரசொரப்பாகும், கதிர் குறையும். ஆனால் அது மெல்ல மெல்ல நடப்பது. பண்டிகை பார்த்து வராது.

ராணிப்பேட்டை சர்வீஸ் (செவ்வாய், 10.40)

குறுக்கே வருகிறேன். ஆயுத பூஜைக்கு இயந்திரத்தின் தூணுக்கு வர்ணம் அடித்தீர்களா?

பேர்ணாம்பட்டு டெக்னீஷியன் (செவ்வாய், 10.52)

அடித்தோம். சந்தனம், குங்குமம் எல்லாம் உண்டு. ஏன்?

ராணிப்பேட்டை சர்வீஸ் (செவ்வாய், 11.05)

100 செ.மீ. உயரத்துக்கு ஒட்டியிருந்த அடையாள டேப்பைப் பிய்த்துவிட்டு, வர்ணம் காய்ந்ததும் குத்துமதிப்பாக ஒட்டியிருப்பார்கள். அளவுநாடா எடுத்துக் கேசட்டிலிருந்து குழாயின் குவியப் புள்ளி வரை அளந்து பாருங்கள். தூரம் கூடினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கதிர் குறையும். 250-ஐ 200-ஆல் வகுத்தால் 1.25. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 1.12. நாடாவில் 112 வரும் என்று பந்தயம்.

பேர்ணாம்பட்டு டெக்னீஷியன் (புதன், பகல் 12.20)

112! டேப்பை இறக்கி ஒட்டி, குமிழைத் திருப்பி முள்ளைக் கோட்டில் நிறுத்தி எடுத்தேன். காலையிலேயே 210. கடைசி எலும்பின் விளிம்பு நூல் பிடித்ததுபோல் தெரிகிறது. ஆனால் குமிழ் கடைசிப் படியில் நிற்கிறது. பொத்தானை அழுத்தும்போது முள் ஒரு துள்ளு துள்ளிக் கீழே போய் வருகிறது.

காட்பாடி பெரியவர் (புதன், 1.00)

அந்த ஒரு நொடியில் இயந்திரம் 5 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். தெருவிலிருந்து வரும் ஒயர் மெலிந்ததா, நீளமா என்று பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு ஸ்டெபிலைசரை முதலாளி வாங்கிக்கொண்டு வந்தால் திருப்பி அனுப்புங்கள், அது தாங்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் தரப் பரிசோதனை அடுத்து வரும்போது கே.வி.யையும் அரை மதிப்புத் தடிமனையும் (கதிரைப் பாதியாக்கத் தேவையான அலுமினியத்தின் தடிமன்) காலை நேரத்தில் அளக்கச் சொல்லுங்கள்.

ஆரணிக்காரன் (புதன், இரவு 8.45)

பெரியவரே, ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் இயந்திரத்தின் தகடு ஓராண்டாக மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நாளை மாட்டிவிடுகிறேன். மாட்டியபின் எம்.ஏ.எஸ்.ஸை எவ்வளவு ஏற்ற வேண்டும்?

காட்பாடி பெரியவர் (புதன், 9.10)

மாட்டுங்கள், முதல் வேலையாக. மாட்டுவதற்கு முன்னும் பின்னும் தண்ணீர் கேனை வைத்து எண்ணைப் பாருங்கள். அதிகம் ஏற்ற வேண்டியிராது. அந்தத் தகடு பிடித்துவைத்திருந்ததில் பெரும்பகுதி எப்படியும் கேசட்டுக்கு வராத கதிர்தான்.