மேற்குச் சுவருக்கு எந்தக் கண்ணாடி?

வணக்கம். மதுரையில் ஒரு பல்கலைக்கழக மருத்துவக் கட்டடத்துக்குக் கண்ணாடி வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. மேற்குப் பக்கம் முழுக்கப் புறநோயாளிகள் பிரிவு. மாலை வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

6-12-6 இரட்டைக் கண்ணாடி (6 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 12 மி.மீ. இடைவெளி), வெளிக் கண்ணாடியின் உட்புறம் வெப்பத்தைத் தடுக்கும் லோ-ஈ பூச்சு என்பதுவரை முடிவாகிவிட்டது. கட்டடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பான இ.சி.பி.சி. 2017-இன்படி இங்கே சூரிய வெப்பக் குணகம் (கண்ணாடியில் படும் வெயில் வெப்பத்தில் உள்ளே வரும் பங்கு) 0.27-ஐத் தாண்டக் கூடாது. அந்த அளவுக்கு இறங்கும் மாதிரிகளாக எனக்கு வந்தவை எல்லாம் பச்சை, இல்லையென்றால் நீலம். ஒரு மருத்துவர் மாதிரித் துண்டை ஜன்னலில் சாய்த்து, பின்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இந்த வெளிச்சத்தில் மஞ்சள் காமாலையை எப்படி அடையாளம் காண்பது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

நிறத்தை அதிகம் மாற்றாத இரட்டை வெள்ளிப் பூச்சுக் கண்ணாடியை (லோ-ஈ பூச்சில் வெள்ளி உலோகம் இரண்டு அடுக்காக இருக்கும்) மருத்துவமனையில் பொருத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வெளியே நிழல் தகடுகள் வைத்து, சற்றுத் தெளிவான கண்ணாடியே போட்டுவிடலாமா?

இன்னொன்று: கண்ணாடியைச் சூடாக்கிச் சட்டெனக் குளிர்வித்து வலுவாக்கிய (டெம்பர் செய்த) பின் ஒரு மில்லிமீட்டர்கூட வெட்ட முடியாது. பின்னால் தானாக உடையக்கூடிய கண்ணாடியை முன்கூட்டியே சூடாக்கிக் கழித்துவிடும் ஹீட் சோக் சோதனைக்குச் சான்று கேட்டாலோ விநியோகஸ்தர் பேச்சை மாற்றுகிறார். சான்றோடு, அளவு பிசகாமல் அனுப்புபவரைத் தெரிந்தால் சொல்லுங்கள். அடுத்த வாரம் ஆர்டர் போட வேண்டும்.