சொந்த இடத்தில் சதுரங்கம்: உங்கள் அனுபவம் என்ன?

கிளிநொச்சியிலிருந்து:

பலகை எங்கே வைத்தாலும் 64 கட்டம்தானே, இதில் சொந்த ஊர் என்ன வெளியூர் என்ன என்று நினைத்திருந்தவன் நான். மகளைக் கொழும்புக்குப் போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போன பிறகு அப்படி நினைப்பதில்லை.

இரவு பஸ் ஏறினோம். மதவாச்சி தாண்டியதும் பிள்ளை சத்தி எடுத்தாள். விடிய பஸ் நிலையத்தில் முகம் கழுவி, ஒரு பணிஸும் பிளேன்ரீயும். ஒன்பது மணிக்கு முதல் சுற்று. எதிரே இருந்த பிள்ளை வீட்டில் படுத்தெழுந்து, சாப்பிட்டுவிட்டு, தலை வாரிப் பின்னி வந்திருந்தாள். முதல் இரண்டு சுற்றும் மகளுக்குத் தோல்வி. இரண்டாவதில் காயை நகர்த்திவிட்டு மணிக்கூட்டை அழுத்தவே மறந்துவிட்டாள். தன் நேரம் ஓடுவது தெரியாமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழும்பிச் சொல்லவும் முடியாது எனக்கு. மூன்றாவது சுற்றுக்கு முன் வாங்கில் என் மடியில் முக்கால் மணித்தியாலம் நித்திரை. அதற்குப் பிறகு ஒரு ஆட்டமும் தோற்கவில்லை.

உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அனுகூலம் அந்த ஒரு இரவு நித்திரைதான் என்று நம்புகிறேன்.

முல்லைத்தீவிலிருந்து:

அண்ணா, நித்திரை விஷயம் முழுக்கச் சரி. ஆனால் விஸ்வநாதன் ஆனந்தைப் பாருங்கள். 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, உலகப் பட்டத்துக்கான போட்டிக்குப் பிராங்பேர்ட்டிலிருந்து பல்கேரியாவின் சோஃபியாவுக்குக் கிட்டத்தட்ட 40 மணித்தியாலம் காரில் போனார். அது எதிராளி தோபலோவின் சொந்த நாடு. முதல் ஆட்டம் தோல்வி. ஆனாலும் 12ஆவது ஆட்டத்தைக் கறுப்புக் காய்களோடு வென்று, 6.5–5.5 என்று பட்டத்தைக் காப்பாற்றினார். அதே ஆனந்த் 2013இல் தான் வளர்ந்த சென்னையில் கார்ல்சனிடம் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் பட்டத்தை இழந்தார்.

நான் சதுரங்கம் பழக்கும் ஆசிரியை. ஒருமுறை போட்டி எங்கள் பாடசாலையிலேயே நடந்தது. எங்கள் பையனுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், நல்ல நிலை. யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் வகுப்பே வெளியே நிற்கிறது. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் அவன் யன்னலைப் பார்த்தான். எதிராளி சமநிலை கேட்டதும் உடனே கை கொடுத்துவிட்டான். ஏனப்பு என்று கேட்டேன். "தோத்தா எல்லாரும் பாப்பினம் ரீச்சர்" என்றான். வெளியூரில் இதே பிள்ளை கடைசிச் சிப்பாய்வரை போராடுவான். அப்புறம் எங்கள் இடத்தில் போட்டி என்றால் யன்னல்களைச் சாத்தச் சொல்லிவிடுவேன்.

வவுனியாவிலிருந்து:

இரண்டு பேரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட், அதாவது நாடுகளின் அணிகள் மோதும் போட்டி, நடந்தபோது, நடத்தும் நாடு என்பதால் இந்தியா ஒன்றுக்கு மேற்பட்ட அணிகளை இறக்கியது. இளம் பிள்ளைகள் நிறைந்த 'பி' அணி வெண்கலம் எடுத்தது. குகேஷ் முதல் எட்டு ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது அந்த அணியில்தான். போட்டி வேறு நாட்டில் நடந்திருந்தால் அந்த அணியே இருந்திருக்காது.

எங்களுக்கும் அப்படித்தான். பஸ் காசும் தங்குமிடமும் இல்லாமல் எத்தனை கெட்டிக்காரப் பிள்ளைகள் வீட்டோடு நிற்கிறார்கள். இங்கே ஒரு போட்டி வைத்தபோது நெடுங்கேணிப் பக்கமிருந்து நான்கு பேர் வந்தார்கள், நால்வருக்கும் அதுதான் முதல் போட்டி. பழகுவதற்குத் தங்கள் பலகையையும் கொண்டு வந்திருந்தார்கள். தொலைந்துபோன கறுப்புக் குதிரையின் இடத்தில் ஒரு சோடாப் போத்தல் மூடி இருந்தது.