கலைச்சொல் உதவி: நிக்கல்–ஹைட்ரஜன் சோதனைகளில் வெளிப்படும் அதிகப்படி வெப்பம்

மொழிபெயர்ப்பாளர்:
அன்புடையீர், வணக்கம். நிக்கலையும் ஹைட்ரஜனையும் கொண்டு செய்யப்பட்ட 'குளிர் இணைவு' (பெருவெப்பம் இல்லாமலே அணுக்கருக்கள் ஒன்றிணைவதாகச் சொல்லப்படுவது) சோதனைகளைப் பற்றிய கட்டுரை ஒன்றை மாத இதழுக்காகத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். ஃபோகார்டி, ஹாபெல், பியாண்டெல்லி ஆகிய இத்தாலியர் மூவரும், ஹைட்ரஜன் ஏற்றிய நிக்கல் தண்டைச் சூடாக்கியபோது, கொடுத்த மின்னாற்றலைக் காட்டிலும் அதிகமான வெப்பம் வெளிப்பட்டதாக 1994-இல் அறிவித்தனர். அந்த அதிகப்படிக்கு 'உபரி வெப்பம்' என்று எழுதியிருக்கிறேன். அணைச் செய்திகளில் 'உபரிநீர்' பழகிய சொல்தானே?

தமிழாசிரியர்:
'உபரி' வடசொல். 'குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள் மிகைநாடி மிக்க கொளல்' என்னும் குறளில், இரண்டை எதிரெதிரே வைத்து எது விஞ்சுகிறது என்று காண்பதே மிகை. ஆகவே 'மிகைவெப்பம்' என்க. மிகு, மிசை, மீ, மேல், மேடு எல்லாம் ஒரே வேரின. மேழியும் அவ்வேரினதே என்பது என் துணிபு. விரிவைத் தனிமடலில் எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து நண்பர்:
ஐயா பொறுத்தருள வேண்டும். நன்னூலார் பத்துக் குற்றங்களுள் 'மிகைபடக் கூறல்' என்பதையும் வைத்திருக்கிறார். இந்தச் சோதனைகளைப் பொறுத்தவரை அந்தப் பொருளும் தற்செயலாகப் பொருந்திவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

இயற்பியல் பேராசிரியர்:
அந்த அச்சம் வீணன்று. நிக்கல் அணுக்கருவில் 28 புரோட்டான்கள் உள்ளன. அதனுள் இன்னொரு புரோட்டான் நுழைய, மின்விலக்கத் தடையாகச் சில மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு) குறுக்கே நிற்கிறது. சில நூறு பாகை வெப்பநிலையில் புரோட்டானிடம் இருப்பதோ ஒரு எலக்ட்ரான்வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதைச் சுற்றிச் செல்லவே விடோம், லார்சன் என்னும் ஆய்வாளர் இருவரும் 2006-இல் வேறு வழி சொன்னார்கள்: உலோகப் பரப்பில் எலக்ட்ரான் 'கனத்து', புரோட்டானோடு சேர்ந்து நியூட்ரானாகிறது, மின்னூட்டமற்ற நியூட்ரானுக்குத் தடையே இல்லை. ஆனால் அப்படி மாறக் குறைந்தது 0.78 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் வேண்டும்; அது எங்கிருந்து வருகிறது, நியூட்ரானை அணுக்கரு பற்றும்போது எழ வேண்டிய காமாக் கதிர்கள் எங்கே போகின்றன என்ற கேள்விகளுக்குப் பெரும்பாலோர் ஏற்கும் விடை இல்லை. மில்ஸ் என்பவர், ஹைட்ரஜனின் எலக்ட்ரான் தாழ்நிலைக்கும் (அதற்குரிய மிகக் குறைந்த ஆற்றல் நிலைக்கும்) கீழே இறங்குவதால் வெப்பம் எழுகிறது என்கிறார். அங்கே அணுக்கருவுக்கு வேலையே கிடையாது, குவாண்டம் இயற்பியலும் அதற்கு இடம் தரவில்லை.

செர்ன் என்னும் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையத்தின் குழு ஒன்று இத்தாலியர் சோதனையைத் திரும்பச் செய்து 1996-இல் சொன்னது இது: ஹைட்ரஜன் ஏற்றிய தண்டின் வெப்பநிலை உண்மையில் உயர்கிறது, ஆனால் வெப்ப உற்பத்தி உயரவில்லை. வெப்பம் வெளியேறும் வழி மாறினாலே வெப்பநிலைமானி ஏறும். எனவே 'கணக்கில் வராத வெப்பம்' என்பதே நேர்மை.

மொழிபெயர்ப்பாளர்:
அதைப் படிப்பவர்கள் வருமானவரிச் சோதனை என்று எண்ணிவிடுவார்கள், ஐயா. சுருக்கிக் 'கணக்கிலா வெப்பம்' என்றாலோ அளவற்ற வெப்பம் என்றாகும்.

இயற்பியல் பேராசிரியர்:
அப்படியானால் 'மிகை' இருக்கட்டும், வரிசையை மாற்றுங்கள். தன்வெப்பம், உள்ளுறை வெப்பம் என்பவற்றின் பக்கத்தில் 'மிகைவெப்பம்' நின்றால், அதுவும் வெப்பத்தில் ஒரு வகை என்றே மாணவர் கொள்வர். 'வெப்ப மிகை' என்றால் வரவு செலவுக் கணக்கின் வேறுபாடு மட்டுமே. கணக்கில் பிழை இருக்கலாம் என்பதற்கும் அதில் இடமுண்டு.

தமிழாசிரியர்:
'வெப்ப மிகை' இலக்கணப்படி குற்றமற்றது. ஆயினும் செவிக்கு இனிதன்று. உரையாசிரியர்கள்...

மொழிபெயர்ப்பாளர்:
மன்னிக்கவும், நாளை வெள்ளிக்கிழமை. மடல் எழுதியவர்களிலும் தனிமடலில் சொன்னவர்களிலும் பலர் 'மிகைவெப்பம்' என்றே சொல்வதால் அதையே இட்டிருக்கிறேன். 1996 சோதனையைப் பேசும் பத்தியில் மட்டும் 'வெப்ப மிகை' வருகிறது. வெப்பம் எழும் வழிகளாகச் சொல்லப்படுபவற்றைப் பற்றிய பகுதியில் 'இணைவு' என்பதை நீக்கி, 'தாழாற்றல் அணுக்கரு வினை' என்று மாற்றினேன். தலைப்பில் 'குளிர் இணைவு' இருந்தே தீர வேண்டும் என்று இதழாசிரியர் சொல்லிவிட்டார்.

இயற்பியல் பேராசிரியர்:
'மிகைவெப்பம்' என்பதற்கு என் மறுப்பு அப்படியே நிற்கிறது. மில்ஸ் பத்தியிலும் 'அணுக்கரு வினை' என்று மாறியிருந்தால், அச்சுக்கு முன் அதையாவது எடுத்துவிடுங்கள்.