ஷங்ஹாய் யூயுவான் தோட்டம்: அம்மாவுடன் ஒரு முற்பகல் போதுமா?

வெள்ளவத்தை வாசகி:
பணி நிமித்தம் எதிர்வரும் ஒக்டோபரில் ஷங்ஹாய் செல்லவிருக்கிறேன். எழுபது வயதைக் கடந்த அம்மாவும் உடன் வருகிறார். எங்களுக்குக் கிடைக்கும் ஒரேயொரு ஓய்வு முற்பகலில் யூயுவான் தோட்டத்தைப் பார்க்க விரும்புகிறோம். ஆயினும், அங்கு சென்றுவந்த உறவினர் ஒருவர், பண்டிகைக் காலத்துப் புறக்கோட்டையைப் போல் ஒரே சனநெரிசல் என்றும், தோட்டம் என்று சொல்ல எதையும் காணவில்லை என்றும் கூறியதால் தயங்குகிறேன். விகாரமகாதேவிப் பூங்காவில் போல் அம்மா ஆறுதலாக நடக்க இயலுமா?

கொட்டாஞ்சேனை வாசகர்:
சகோதரி, உங்கள் உறவினர் மதிலுக்கு வெளியிலேயே நின்று திரும்பியிருக்கக்கூடும். வளைந்து வளைந்து செல்லும் பாலமும், குளத்தின் நடுவே நிற்கும் ஹூசின்திங் தேநீர் மண்டபமும் எல்லோரும் படம்பிடிக்கும் இடங்களே. ஆனால் அவை இன்று தோட்டத்துக்குப் புறத்தே, கடைத்தெருவோடு சேர்ந்திருக்கின்றன. நுழைவுச்சீட்டுப் பெற்று உள்ளே சென்றால்தான் தோட்டம்.

மிங் அரசமரபுக் காலத்து அதிகாரியான பான் யுன்துவான், தம் தந்தை முதுமையை அமைதியாகக் கழிக்கவேண்டும் என்று 1559இல் இதனைத் தொடங்கினார். பணி நெடுங்காலம் தடைப்பட்டு, 1577இல்தான் நிறைவுற்றது. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 5 ஏக்கர். பரந்த புல்வெளியை எதிர்பார்த்துச் சென்றால் ஏமாற்றமே மிஞ்சும். சுவரை எழுப்பிக் காட்சியை மறைத்து, வட்ட வாயிலையோ பின்னல் சன்னலையோ கடந்ததும் ஒரு பாறையையும் நீர்ப்பரப்பையும் திடீரெனக் காட்டுவதே இத்தோட்டக் கலையின் உத்தி. சிறிய நிலமும் பெரிதாகத் தோன்றுவது அதனால்தான்.

மூன்று மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் யூலிங்லொங் என்னும் பாறையைத் தவறவிடாதீர்கள். உடலெங்கும் துளைகள், அடியில் ஊதுவத்தி ஏற்றினால் எல்லாத் துளைகளிலிருந்தும் புகை எழும் என்பார்கள். மதில்களின் மேல் படுத்திருக்கும் டிராகன் சிற்பங்களையும் அருகில் சென்று பாருங்கள்: கூரை ஓடுகளை அடுக்கியே செதில்களை அமைத்திருக்கிறார்கள். சிங் ஆட்சியை எதிர்த்து 1853இல் கிளர்ந்தெழுந்த சிறுவாள் சங்கத்தினர் தலைமையகமாகக் கொண்ட தியான்சுன் மண்டபமும் உள்ளேதான் இருக்கிறது; அவசரமென்றால் அதை விட்டுவிடலாம்.

தெகிவளையான்:
மேலே கூறியவற்றை மறுக்கவில்லை. எனினும், சீனத் தோட்டக் கலையைப் பார்ப்பதே நோக்கமென்றால் என் வாக்கு சூசோ நகருக்குத்தான். ஷங்ஹாயிலிருந்து அதிவேகத் தொடருந்தில் ஏறத்தாழ அரை மணி நேரம். அங்குள்ள தோட்டங்கள் 1997இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டவை. அவற்றுள் வலை வல்லுநர் தோட்டம் மிகச் சிறியதாயினும், அமைப்பின் நேர்த்தியில் யூயுவானை விஞ்சியது என்பேன்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
தம்பி, முதியவரை அழைத்துக்கொண்டு நிலையத்திற்கும் தோட்டத்திற்குமாக அலைந்தால் முற்பகல் பயணத்திலேயே கழிந்துவிடும். ஒரு முழுநாள் கையில் இருந்தால் நானும் சூசோவையே சொல்வேன்.

பம்பலப்பிட்டி அக்கா:
தங்கச்சி, அம்மாவை நினைத்துச் சில வார்த்தைகள். மிங் காலத்துத் தோட்டக் கலைஞரான ஜாங் நான்யாங் அமைத்த பெரிய செயற்கைக் குன்றில் அவரை ஏற்றவேண்டாம். படிகள் குறுகலானவை, ஒழுங்கற்றவை. எதிரேயுள்ள மண்டபத்தில் அமர்ந்து பார்த்தாலே மஞ்சட்பாறைகளின் அடுக்கு முழுமையாகத் தெரியும், அதுவே அழகான கோணமுங்கூட. பல வாயில்களில் உயர்ந்த நிலைப்படி உண்டு. கூழாங்கல் பதித்த பாதை மழையில் வழுக்கும். ஆகவே பிடிப்பான பாதணி அவசியம்.

ஒக்டோபர் முதல் வாரம் சீனத் தேசிய விடுமுறை என்பதால் அந்நாட்களை அறவே தவிருங்கள். திங்கட்கிழமைகளில் பொதுவாக மூடியிருப்பார்கள். மற்ற நாட்களில் காலையில் வாயில் திறக்கும்போதே உள்ளே சென்றுவிட்டால், குழுக்கள் வந்து சேருமுன் யூலிங்லொங் வரை அமைதியாகப் பார்த்துவிடலாம். மெட்ரோவின் 10ஆம், 14ஆம் தடங்கள் இரண்டும் யூயுவான் நிலையத்தில் நிற்கின்றன. கடவுச்சீட்டைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். கடைத்தெருவைத் திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம்.