வீடியோ வழி ஓ.டி.: குழந்தைக்கு வீட்டிலேயே போதுமா?

ஊஞ்சல்: வீடியோவுல ஆக்குபேஷனல் தெரபி (ஓ.டி. - உடுத்துறது, எழுதுறது மாதிரி அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குற சிகிச்சை) குடுக்கிறது வெறும் கண்துடைப்பு. தசை இறுக்கம், குழந்தையோட கையை ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை வேகமா மடக்கி நீட்டிப் பார்த்தாதான் தெரியும். கையைச் சரியான நிலையில தாங்கிப் பிடிக்கிற ஸ்பிளின்ட்னா தெர்மோபிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்ல இளக்கி, ஆறுறதுக்குள்ள குழந்தை கையில வச்சு வளைக்கணும். போன் வளைக்குமா?

விரல்நுனி: செரிப்ரல் பால்சிக்கு (மூளை பாதிப்பால கை கால் அசைவு சிரமமாகுறது) நீங்க சொல்றது நூத்துக்கு நூறு. சட்டை பட்டன் போட வராத 6 வயசுப் பையனுக்கு அதெல்லாம் எதுக்கு சார்? சென்டர்ல பலகையில தைச்ச பெரிய பட்டனைப் போட்டுடுவான். வீட்டுல யூனிஃபார்ம்ல திணறுவான். பலகை எதிர்ல இருக்கு, சட்டை உடம்புல இருக்கு, கோணமே வேற. வீடியோவுல காலை 7.30க்கு அந்தச் சட்டையிலயே பழக்கலாம். வயித்துக்கு நேரா இருக்கிற பட்டன் முதல்ல. கழுத்துப் பட்டன் கண்ணுக்குத் தெரியாது, அது கடைசி. அம்மா பட்டனை முக்கால்வாசி நுழைச்சுக் குடுக்கணும், பையன் ரெண்டு விரலால இழுத்து முடிக்கணும். தொடர்ந்து 5 தடவை வந்துச்சுன்னா அடுத்து பாதி நுழைச்சா போதும். புதுச் சட்டைன்னா ரெண்டு தடவை துவைச்சுட்டு ஆரம்பிங்க, விறைச்ச துளையில பெரியவங்களுக்கே நுழையாது.

ஊஞ்சல்: அம்மா கை முந்திக்குமே! ஃபிரேமுக்கு வெளியில மணிக்கட்டைத் தள்ளிவிட்டுட்டு 'போட்டுட்டான்'னு சொல்வாங்க. பல்லாங்குழி ஆட வைக்கிறாங்க, போன் முகத்துக்கு நேரா நிக்குது. நமக்குத் தெரியறது சிரிப்பு மட்டும்.

விரல்நுனி: போன் வச்ச இடம் தப்பு, அவ்வளவுதான். மேஜை மட்டத்துல, கட்டைவிரல் பக்கமா, ஒரு கை நீளத்துல சாய்ச்சு வைங்க. சோழியை ரெண்டு விரலால எடுக்கிறானா, எல்லா விரலாலயும் வாரிக்கிறானான்னு தெரியும். முழங்கையை விலாவோட ஒட்டிக்கிட்டா தோள்பட்டை பலத்தைச் சந்தேகப்படணும். அப்போ சோழியை ஓரமா வச்சுட்டு, சுவத்துல தாள் ஒட்டி, கண் மட்டத்துக்கு மேல கிரயான்ல வரைய விடுங்க. கிரயானை 1 அங்குலமா உடைச்சுக் குடுங்க, முஷ்டியில பிடிக்க இடமே இருக்காது. அம்மா உதவணும்னா முழங்கையில மட்டும் தொடலாம், அதுவும் மனசுக்குள்ள 10 எண்ணினப்புறம்.

தாம்பரம்_லோக்கல்: 3 வயசுக்குக் கீழன்னா சோழி, புளியங்கொட்டை எதுவும் வேண்டாங்க, வாயில போட்டுக்கும். பிளாஸ்டிக் சேர்ல கால் தொங்கிச்சுன்னா உடம்பு ஆடும், கை எழுதாது. காலடியில பழைய நியூஸ்பேப்பர் கட்டு ஒண்ணு போதும். 45 நிமிஷ செஷனுக்குத் தாம்பரத்துலேர்ந்து அண்ணாநகர் கூட்டிட்டுப் போனா, கத்திப்பாரா தாண்டுறதுக்குள்ள குழந்தை தூங்கிடும். அப்புறம் என்ன தெரபி?

ஊஞ்சல்: முதல் அசெஸ்மென்ட்டாவது நேர்லதான். முட்டுக்காட்டுல பல குறைபாடு உள்ளவங்களுக்கான மத்திய அரசு நிறுவனம் என்.ஐ.இ.பி.எம்.டி. இருக்கு. சாப்பிடும்போது புரையேறுற குழந்தையை வீடியோவுல தொடவே தொடாதீங்க. பட்டன் விஷயம் ஒத்துக்கறேன். ஷூ லேஸுக்கும் அதே மாதிரி கடைசிப் படியிலேர்ந்துதான் பழக்கணுமா?

விரல்நுனி: ஆமா சார். கடைசி இழுப்பு மட்டும் பையனோடது. ஒரே ஷூவுல ரெண்டு நிற லேஸை நுனியில முடிச்சுப் போட்டுக் கோத்துடுங்க. 'சிவப்பை இழு'ன்னு சொன்னா போதும், வீடியோவுல வலது இடது குழப்பமே வராது.